கார்னூஸ்டி மாதிரியான லிங்க்ஸில் முதன்முறை கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு: முன்பதிவிலிருந்து 18-வது ஹோல் வரை

லிங்க்ஸ் மைதானத்தில் முதன்முறை ஆடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கொடிக்கு எத்தனை யார்டு என்று பார்த்து, அந்தத் தூரத்துக்கான கிளப்பை எடுத்து, நன்றாகவே அடிப்பார்கள். பந்து கொடி நிற்கும் கிரீனில் விழும், துள்ளும், பின்பக்கம் உருண்டுபோய்ப் புல்லுக்குள் மறையும். அடியில் குறையில்லை, கணக்கில்தான் குறை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளிதான் லிங்க்ஸ். மழை பெய்தாலும் தண்ணீர் உடனே வடிந்துவிடுவதால் தரை இறுகிக் கிடக்கும். இங்கே பந்து எங்கே விழுகிறது என்பதைவிட எங்கே போய் நிற்கிறது என்பதே பேச்சு. கீழே வரும் கணக்குகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டண்டீக்கும் அர்புரோத்துக்கும் இடையில் இருக்கும் கார்னூஸ்டியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். 1931 முதல் 2018 வரை எட்டு முறை பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் நடந்த இடம். அங்கே சமாளிக்கத் தெரிந்தால் மற்ற லிங்க்ஸ்களிலும் சமாளிக்கலாம்.

முன்பதிவு

கோடைகால நேரங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பயணத் தேதி முடிவானதும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் டீ நேரத்தை, அதாவது ஆட்டம் தொடங்கும் நேரத்தை, பிடியுங்கள். பேர் பெற்ற மைதானங்களில் சீசன் நேரத்தில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டைத் தாண்டும். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் மாலை நான்கு மணி டீ நேரம் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். குளிர்காலத்தில் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் பல லிங்க்ஸ்களில் அப்போது ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளியில்) சிறு பாய் விரித்து அதன்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் ஏமாறுவீர்கள்.

ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்று கேட்பார்கள். உங்கள் சங்கத்தின் செயலியில் தெரியும் ஹேண்டிகேப் இண்டெக்ஸையோ அச்சிட்ட தாளையோ கையில் வைத்திருங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸையும் பயணத்தில் சேர்ப்பதாக இருந்தால் அங்கே நடைமுறை வேறு. முன்பதிவு கிடைக்காதவர்கள் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்துக்குப் பொதுவாக ஓய்வு. ஆகவே அதற்கென்று ஒரே நாளை ஒதுக்காமல் இரண்டு மூன்று நாள் நெகிழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அழுத்தமான பரிந்துரை: பெரிய மைதானத்துக்கு முந்தைய நாள், பக்கத்திலேயே உள்ள சிறிய லிங்க்ஸில் ஒரு சுற்று ஆடிவிடுங்கள். கார்னூஸ்டியிலேயே பர்ன்சைட், படன் என்று இன்னும் இரண்டு மைதானங்கள் இருக்கின்றன. மண்ணும் காற்றும் ஒன்றுதான், கட்டணம் குறைவு. தரை எவ்வளவு உருட்டுகிறது என்பது உங்கள் காலுக்கும் கைக்கும் அங்கேயே தெரிந்துவிடும்.

எந்த டீயிலிருந்து ஆடுவது

டீ என்பது ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம். அதைத் தேர்ந்தெடுப்பதில் வீம்பு பார்க்கக் கூடாது. 2018 ஓப்பனில் கார்னூஸ்டியின் நீளம் 7,402 யார்டு. அந்த எண்ணை மறந்துவிடுங்கள். உங்கள் 5-அயர்ன் சாதாரணமாகப் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 150 யார்டு என்றால் 5,400, 165 என்றால் சுமார் 5,900. அந்த நீளத்துக்குப் பக்கமாக எந்த டீ இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. பின்னால் உள்ள டீயை எடுத்தால் தூரம் கூடுவதோடு தொல்லை முடியாது. சில ஹோல்களில் காற்றை எதிர்த்து அடித்த பந்து ஃபேர்வேயின் தொடக்கத்தைக்கூட எட்டாது.

அடுத்தது ஹேண்டிகேப் கணக்கு. மைதானத்தின் கடினத்தைச் சொல்லும் ஸ்லோப் எண் 55-லிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, அதோடு கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகக்கூடிய அடிகள்) பருக்கும் (மைதானத்துக்கு விதித்த அடிக்கணக்கு) உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். ஓர் உதாரணம்: இண்டெக்ஸ் 18, ஸ்லோப் 140, ரேட்டிங் 74, பர் 72. 18 × 140 ÷ 113 = 22.3. அதோடு 2 கூட்டினால் 24.3, அதாவது 24. இதன்படி ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை) 1 முதல் 6 வரையுள்ள ஹோல்களில் உங்களுக்கு இரண்டு அடி சலுகை, மற்றவற்றில் ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் உங்கள் சொந்த பரை எழுதிவிடுங்கள்: பர் 4 சில இடங்களில் 5, சில இடங்களில் 6. இது வெறும் மனச் சமாதானம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி ஹோலில் எந்தக் கிளப்பை எடுப்பது என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கப் போகிறது.

நண்பர்களோடு ஆடினால் ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையே நல்லது. புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொள்ளலாம். பங்கரில் (மணல்குழியில்) ஏழு முறை வெட்டிக்கொண்டு பின்னால் வருகிறவர்களைக் காக்கவைக்க வேண்டியதில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

மழைச் சட்டையும் கால்சட்டையும் உண்மையிலேயே நீர் புகாதவையாக இருக்க வேண்டும், காற்றை மட்டும் தடுப்பவை போதா. ஈரத்தில் பிடி வழுக்காத மழைக் கையுறை ஒரு ஜோடி, இரண்டு துண்டு, கம்பளித் தொப்பி, குறைந்தது 12 பந்து. குடை வேண்டாம், கடற்கரைக் காற்றில் அதைப் பிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

குறுந்தூரத்துக்கான கிளப்பான வெட்ஜ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிருதுவான உள்நாட்டுப் புல்வெளிக்கு ஏற்ற 12, 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகத்தின் சாய்வு) உள்ள வெட்ஜ் இங்கே இறுகிய தரையில் பட்டு எகிறும். முன்விளிம்பு பந்தின் நடுவில் மோதும், பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். 4 முதல் 8 டிகிரி வரை பவுன்ஸ் உள்ள ஒரு வெட்ஜ் இருந்தால் கொண்டு போங்கள். இல்லையென்றால் கிரீனைச் சுற்றி வெட்ஜையே தொடாமல் ஆடவும் வழியுண்டு, கீழே வருகிறது.

கேடி (பையைச் சுமந்து யோசனை சொல்பவர்) வைத்துக்கொள்ள வசதியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் உங்கள் தூரத்தை உள்ளபடி சொல்வது முக்கியம். எப்போதோ ஒருமுறை 7-அயர்ன் 160 போனது என்றால் அதைச் சொல்லாதீர்கள், பத்தில் ஏழு முறை எவ்வளவு போகிறதோ அதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் எண்ணை நம்பித்தான் அவர் கிளப்பைக் கையில் தருவார்.

காற்றுக் கணக்கு

மேலோட்டமான விதி: எதிர்க்காற்றில் மணிக்கு ஒரு மைலுக்கு ஒரு சதவீதம் தூரத்தைக் கூட்டுங்கள், பின்காற்றில் ஒரு மைலுக்கு அரை சதவீதம் குறையுங்கள். எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பின்காற்று திருப்பித் தராது.

இப்போது ஒரே அடியை இரண்டு காற்றிலும் பார்ப்போம். கொடி 140 யார்டு தூரத்தில். கிரீனின் முன்விளிம்பு 122 யார்டில். காற்று மணிக்கு 15 மைல்.

பின்காற்று என்றால் பந்து தாழ்வாக, வேகமாக இறங்கும். இறுகிய தரையில் விழுந்து 30 யார்டு உருளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, பந்து விழ வேண்டிய இடம் 110, அதாவது கிரீனுக்கு 12 யார்டு முன்னால். அந்த 110-லிருந்து காற்றுக்காக ஏழரை சதவீதம் கழித்தால் 102. கையில் எடுக்க வேண்டியது 102 யார்டு பறக்கும் கிளப்.

எதிர்க்காற்று என்றால் பந்து செங்குத்தாக இறங்கி 8 யார்டுதான் உருளும். விழ வேண்டிய இடம் 132. அதோடு 15 சதவீதம் கூட்டினால் 152. அதே கொடி, அதே இடம், ஆனால் கிளப்பில் 50 யார்டு வித்தியாசம். கொடியின் தூரத்தை மட்டும் அளந்து சொல்லும் லேசர் கருவி இதில் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

எதிர்க்காற்றில் அடிக்கும்போது பலத்தைக் கூட்டாதீர்கள். பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடும், பந்து மேலே ஏறி நின்று அப்படியே கீழே விழும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த அடிக்கென்றே சொன்னது போலிருக்கும். செய்ய வேண்டியது:

1. கணக்குப்படி வந்த கிளப்பைவிட ஒரு கிளப் பெரியதை எடுங்கள்.
2. பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள்.
3. பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்து அளவு பின்னுக்கு வையுங்கள்.
4. முக்கால் ஸ்விங். அடித்து முடிக்கும்போது கைகள் மார்பு உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

பக்கக்காற்றை எதிர்த்துப் பந்தை வளைக்க முயல்வது கைதேர்ந்தவர்களுக்கு. மற்றவர்கள் காற்று வரும் பக்கம் குறிவைத்து, அது தள்ளிக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிடலாம். தரையில் விழுந்த பிறகும் காற்றின் பக்கமாகவே பந்து ஓடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓல்ட் கோர்ஸ் போல ஒன்பது ஹோல் போய் ஒன்பது ஹோல் திரும்பும் மைதானத்தில் காற்று எப்படி என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். கார்னூஸ்டியில் அது நடக்காது. இரண்டு ஹோலுக்கு மேல் ஒரே திசையில் தொடர்ந்து போகாதபடி அமைந்த மைதானம். ஒவ்வொரு டீயிலும் புதிதாகப் பார்க்க வேண்டும். புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதைவிடத் தூரத்துக் கொடித்துணியைப் பாருங்கள். மேடுகளுக்கு நடுவே நிற்கும் உங்களுக்குக் காற்று தெரியாது, மேலே பறக்கும் பந்துக்குத் தெரியும்.

கிரீனைச் சுற்றி

புல் ஒட்ட வெட்டியிருந்தால் முதல் தேர்வு பட்டர், அதாவது பந்தைத் தரையில் உருட்டும் கிளப். 25 யார்டு வெளியிலிருந்துகூட. மோசமான பட், மோசமான சிப்பைவிட (சிறு தூக்கு அடியைவிட)க் கொடிக்கு அருகில்தான் நிற்கும். வெளியே உள்ள தூரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி அடியுங்கள்.

நடுவில் சிறு மேடோ கரடோ இருந்தால் 7-அயர்ன் அல்லது 8-அயர்ன் உருட்டல். கால்கள் நெருக்கமாக, எடை முன்காலில், பந்து பின்காலுக்கு நேராக, கைகள் பந்துக்குச் சற்று முன்னால். பட் அடிப்பது போலவே மணிக்கட்டை அசைக்காமல் அடியுங்கள். கால் பங்கு பறந்து முக்கால் பங்கு உருளும். மேட்டின் ஏறுசரிவில் பந்து விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இதிலுள்ள ஒரே சூட்சுமம். ஏறுசரிவில் பட்டால் செத்துவிடும், இறங்குசரிவில் பட்டால் ஓடிவிடும், சமதளத்தைத் தேடுங்கள்.

கிரீன்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மெதுவாக இருக்கலாம். அது பராமரிப்புக் குறையல்ல. வேகமாக வைத்தால் காற்றில் பந்து தானாகவே நகரும். 2015-ல் ஓல்ட் கோர்ஸில் நடந்த ஓப்பனில் அப்படித்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகி, போட்டி திங்கள்கிழமைதான் முடிந்தது. பலமான காற்றில் பட் அடிக்கும்போது கால்களை வழக்கத்தைவிட அகல வையுங்கள்.

குழிப் பங்கர்

புல்கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர், அடியில் சிறு மணல்தரை. இதுதான் குழிப் பங்கர். சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிவதால், ஆறடி தள்ளிப்போகும் பந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே வரைபடத்தில் இரண்டு யார்டு அகலமாகத் தெரியும் பங்கரை ஆறு யார்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உள்ளே விழுந்துவிட்டால் முதல் வேலை அளப்பது. சுவரின் உயரத்தையும் பந்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். உயரத்தைவிடத் தூரம் குறைவென்றால் முன்னோக்கி அடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சுவர் ஒன்றரை மீட்டர், பந்து ஒரு மீட்டர் தள்ளி என்றால் 56 டிகிரிக்கு மேல் பந்து எழ வேண்டும். 58 டிகிரி வெட்ஜை விரித்துப் பிடித்தாலும் மணலிலிருந்து பந்து அந்தக் கோணத்தில் கிளம்பாது. பக்கவாட்டில் அடித்து வெளியே வாருங்கள், தேவைப்பட்டால் பின்னோக்கி.

இடமிருந்தால் முன்னோக்கி: முதலில் வெட்ஜின் முகத்தை விரித்து, அதன்பிறகு கையைப் பிடியில் வையுங்கள். பிடித்துவிட்டுத் திருப்பினால் அடிக்கும்போது முகம் மூடிக்கொள்ளும். கால்களை மணலில் புதைத்து, முழங்காலைத் தாழ்த்தி, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடியுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். ஒத்திகை ஸ்விங்கில் மணலைத் தொட்டால் தண்டம்.

எந்தப் பக்கமும் வழியில்லை என்றால் ஆட முடியாத பந்து என்று அறிவிக்கலாம். ஓர் அடி தண்டத்தோடு பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் போடலாம், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். இரண்டு அடி தண்டம் கொடுத்தால் கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே போடலாம். 2019-ல் வந்த இந்த விதி பலருக்கு இன்னும் நினைவில் இருப்பதில்லை. மூன்று முறை சுவரில் முட்டிக்கொள்வதைவிட மலிவானது.

உயர்ந்த புல், முட்புதர், ஓடை

உயர்ந்த புல்லில் அடிக்கும்போது அது கிளப்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தை மூடும், பந்து இடப்பக்கம் தாழ்வாகப் போகும். வலக்கைக்காரர்கள் முகத்தைச் சற்றுத் திறந்து, 9-அயர்ன் அல்லது வெட்ஜால் மிகக் குறுகிய வழியில் ஃபேர்வேக்கு வந்துவிட வேண்டும்.

மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் முட்புதருக்குள் பந்து போனால் கையை விடாதீர்கள், முள் கையுறையைத் துளைக்கும். தேட மூன்று நிமிடம்தான் அனுமதி. சந்தேகம் என்றாலே டீயிலிருந்து மாற்றுப்பந்து அடித்துவிட்டு நடங்கள். கண்டுபிடித்தாலும் இரண்டு கிளப் நீளம் விலக்கிப் போட்டால் அதே புதருக்குள்தான் இருப்பீர்கள், ஆகவே நேர்கோட்டில் பின்னால் போவதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஓடையை ஸ்காட்லாந்தில் பர்ன் என்பார்கள். கார்னூஸ்டியின் பேரி பர்ன் பார்க்கச் சின்னது, ஆனால் கரை செங்குத்துச் சுவர். பந்தை எடுக்கக் குதிக்காதீர்கள். மஞ்சள் குச்சி என்றால் நேர்கோட்டில் பின்னால் போகலாம் அல்லது முந்தைய இடத்துக்குப் போகலாம். சிவப்பு என்றால் பந்து கரையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள் பக்கவாட்டிலும் போடலாம். எதுவானாலும் தண்டம் ஓர் அடி.

கார்னூஸ்டியில் கவனிக்க வேண்டிய ஹோல்கள்

3-வது சிறியதுதான், ஆனால் கிரீனுக்கு முன்னால் ஜாக்கிஸ் பர்ன் ஓடுகிறது. உருட்டி ஏற்ற வழியில்லாத அபூர்வமான இடம், பறந்துதான் போக வேண்டும்.

6-வது, பர் 5. இடப்பக்கம் முழுக்க எல்லைக்கு வெளியே, நடுவில் பங்கர்கள். 1953-ல் ஓப்பனை வென்ற பென் ஹோகன் எல்லைக்கும் பங்கருக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பாதையில் அடித்ததாகச் சொல்லி, அந்த ஹோலுக்கே ஹோகன்ஸ் ஆலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் பங்கர்களுக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டு மூன்று அடியில் போங்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டால் போதும்.

14-வதில் கிரீனுக்கு முன்னால் மேட்டில் ஒரு ஜோடிப் பங்கர்கள், பெயர் ஸ்பெக்டகிள்ஸ். அவற்றைத் தாண்டும் அடியில் கிரீன் கண்ணுக்குத் தெரியாது. தாண்டுமளவு கிளப் எடுங்கள், நீளமாகப் போவது இங்கே பாவமில்லை.

16-வது பர் 3, ஓப்பனில் 248 யார்டு. 1975-ல் கோப்பையை வென்ற டாம் வாட்சன், மறு ஆட்டத்தையும் சேர்த்து ஐந்து சுற்றிலும் இங்கே ஒருமுறைகூடப் பர் எடுக்கவில்லை. கிரீனுக்கு முன்னால் நிறுத்தி, பட்டரால் ஏற்றி, 4 எழுதிக்கொள்ளுங்கள்.

17-வதில் பேரி பர்ன் வளைந்து வளைந்து ஃபேர்வேயைத் தீவாக்கிவிடுகிறது. டீயில் நிற்கும்போதே இரண்டு தூரம் தெரிந்திருக்க வேண்டும்: முதல் வளைவைத் தாண்ட எவ்வளவு, அடுத்த வளைவுக்கு எவ்வளவு. யார்டேஜ் புத்தகத்தில் இரண்டும் இருக்கும். பின்காற்றில் டிரைவர் எடுத்தால் உருண்டே தண்ணீருக்குள் போகும்.

18-வதில் மீண்டும் அதே ஓடை, டீக்கு முன்னாலும் கிரீனுக்கு முன்னாலும். இடப்பக்கம் எல்லை. 1999-ல் ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு இங்கே வந்தார். 6 அடித்திருந்தாலும் கோப்பை அவருடையது. இரண்டாவது அடியில் கிரீனை எட்டப் பார்த்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைச் சுவரில் துள்ளி, உயர்ந்த புல்லுக்குத் திரும்பியது. அங்கிருந்து அடித்தது ஓடையில் விழுந்தது. கடைசியில் 7, பிறகு மறு ஆட்டத்தில் பால் லாரி வென்றார்.

உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, ஆனால் நிலம் அதேதான். டீயில் 3-வுட் அல்லது ஹைப்ரிட், எல்லையை விட்டு விலகி. இரண்டாவது அடிக்கு ஓடை வரை உள்ள தூரத்தைப் பாருங்கள், கொடியைப் பார்க்க வேண்டாம். ஓடை 150 யார்டில் என்றால் 120 யார்டில் நிற்கும்படி அடியுங்கள், உருளுவதையும் சேர்த்து. மூன்றாவது, வெட்ஜில் ஓடையைத் தாண்டிக் கிரீனின் நடுவுக்கு. தாண்டுவதற்கு மட்டும் ஒரு கிளப் கூட எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட். கார்டில் 5, தவறினால் 6. 2007-ல் பாட்ரிக் ஹாரிங்டன் கடைசிச் சுற்றில் இதே ஹோலில் இருமுறை ஓடையில் போட்டு 6 எடுத்தார், மறு ஆட்டத்தில் வென்று கோப்பையோடு வீட்டுக்குப் போனார்.

கேடிக்கான தொகையையும் அன்பளிப்பையும் ரொக்கமாகத் தயாராக வைத்திருங்கள். ஆட்டம் முடிந்து பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம்.